லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் கொரியக் காதல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரம்–பீச் மின்சார ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் காதல் கதை என்றால் அது ரமணிசந்திரன் நாவல்தான். 1931இல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் வண்டி. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று அது நின்று நின்று கிளம்பும். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கையில் நாவல் விரிந்திருக்கும். வாடகை நூலகத்துப் புத்தகங்களுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டிருப்பார்கள். என்ன படிக்கிறோம் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் படித்தேன். வீட்டில் வாய்ப்பில்லை. "கல்யாணம் ஆகாத பொண்ணு படிக்கிற புத்தகமாடி இது?" என்று அம்மா பிடுங்கி வைத்துவிடுவாள்.

இன்று அதே தடத்தில் அகலப்பாதை வண்டி ஓடுகிறது. மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களும், கிண்டியில் இறங்க வேண்டியவர்களும், கல்லூரிப் பிள்ளைகளும் காதில் இயர்போனோடு ஏறுகிறார்கள். எட்டிப் பார்த்தால் பல போன்களில் சியோல் தெரிகிறது. குடையைப் பிடித்தபடி ஒருவன் காத்திருக்கிறான். ஒரு பெண் அவனைத் தாண்டி வேறு எதையோ யோசித்துக்கொண்டு நடக்கிறாள். அட்டை போட்டு மறைக்க வேண்டிய அவசியம் இவர்களுக்கு இல்லை. "எத்தனாவது எபிசோட்ல இருக்கீங்க?" என்று முன்பின் தெரியாத இரண்டு பேர் பேசத் தொடங்குவதை நானே கேட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக்குக் கொரியா வந்தபோது காதலோடு வரவில்லை, காரோடு வந்தது. 1996இல் ஹூண்டாய் இந்திய நிறுவனம் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்தது. 1998இல் சாண்ட்ரோ ரோட்டுக்கு வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் நிறைத்தன. முடிச்சூர் ரோட்டில் விடியற்காலையில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் ஆண்களுக்குக் கொரியர் என்றால் மேனேஜர். சாயங்காலம் அவர்கள் கொண்டுவரும் கதைகள் லைன், டார்கெட், ஓவர்டைம் பற்றியவை. கொரியாவிலும் பெண்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் மாமியார் இருப்பார், மனசு உடையும் என்றெல்லாம் நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

அதைக் காட்டியது புதுயுகம் தொலைக்காட்சி. அதற்கு வெகு முன்பே மணிப்பூரில், 2000இல் ஆயுதக் குழு ஒன்று இந்திப் படங்களுக்குத் தடை போட, அந்த வெற்றிடத்தில் அரிராங் என்ற கொரிய சேனல் வழியாக அந்நாட்டுத் தொடர்கள் வீடு வீடாகப் பரவியிருந்தன. தமிழ்நாட்டுக்கு அவை தமிழ் பேசிக்கொண்டு வந்தது 2013இல் புதுயுகம் தொடங்கிய பிறகு. அப்படி வந்த 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தொடரின் நாயகி கூம் ஜான்டி ஒரு சலவைக் கடைக்காரரின் மகள். பெரும் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குள் போகிறாள். அவர்களில் அடாவடியான ஒருவனை எதிர்த்து நிற்கிறாள். சேலையூர் வீட்டு ஹாலில் என் மாமியார், நான், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். "எவ்வளவு தைரியம் பாரு இந்தப் பொண்ணுக்கு" என்று அத்தை சொல்வார். ஒரு காதல் கதையை மூன்று தலைமுறைப் பெண்கள் சேர்ந்து பார்த்தது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை. ரிமோட்டை யாரும் தேடவில்லை. கை கோர்ப்பதற்கே பல எபிசோட் எடுத்துக்கொள்ளும் அந்த நிதானத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சங்கடப்படும் நிலை வரவே இல்லை.

அந்தத் தொடர்களில் நான் விடாமல் பற்றிக்கொண்டது அவற்றின் நாயகிகளைத்தான். கொஞ்சம் கோணலான, ஊரோடு ஒட்டாத பெண்கள். நம் சினிமாவிலும் விசித்திரமான பெண்கள் உண்டு. 2000களில் அவர்கள் படத்துக்குப் படம் வந்தார்கள்: மழையில் குதிப்பாள், ஐஸ்கிரீமுக்கு அடம்பிடிப்பாள், தெரியாதவனிடம் உளறுவாள். அவளுக்கு என்ன வேலை, எதற்குப் பயப்படுகிறாள், ராத்திரி எதை நினைத்துத் தூங்காமல் கிடக்கிறாள் என்று படம் கேட்காது. அவள் கோணல் நாயகன் ரசிப்பதற்காக மட்டும் வைத்தது. நம்மிடம் வேறு மாதிரி இல்லாமல் இல்லை. 1986இல் வந்த 'மௌன ராகம்' படத்தின் திவ்யாவைத் தூர்தர்ஷனில் பார்த்த என் வயதுப் பெண்கள் இன்னும் அவளை மறக்கவில்லை. குறும்புக்காரி; அந்தக் குறும்புக்கு அடியில் ஒரு துக்கமும் ஒரு பிடிவாதமும் இருந்தன. அந்த வழியில் நம் படங்கள் தொடர்ந்து போகவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

2022இல் வந்த 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' தொடரை எடுத்துக்கொள்வோம். வூ யங்-வூ ஆட்டிசம் உள்ள இளம் வழக்கறிஞர். அப்பா தனியாளாக வளர்த்த பெண். அவர் நடத்துவது கிம்பாப் என்ற சோற்றுச் சுருள் விற்கும் கடை. உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதால் அவளுக்கு அந்தச் சாப்பாடு நிம்மதி. திமிங்கிலங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். சட்டம் முழுதும் மனப்பாடம்; அலுவலக வாசலின் சுழல் கதவைத் தாண்டத்தான் முடியாது. கூட வேலை செய்யும் லீ ஜுன்-ஹோ அவளைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, கையைப் பிடித்து இழுப்பதும் இல்லை. வால்ட்ஸ் நடனம் போல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அடி வைக்கச் சொல்கிறான். அவள் தன் காலால் நடந்து போகிறாள். அவன் காதலிக்கத் தகுந்தவன் என்று நான் முடிவு செய்தது அங்கேதான்.

அந்தத் தொடரின் முதல் எபிசோடைக் கொரியாவில் பார்த்தவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. கடைசி எபிசோட் 17 சதவீதத்தைத் தாண்டியது. சிறிய சேனலில் வந்த தொடரைப் பார்த்தவர்களே மற்றவர்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். எழுதியவர் மூன் ஜி-வொன் என்ற பெண். 'ஸ்ட்ராங் வுமன் டோ பாங்-சூன்' எழுதிய பேக் மி-க்யாங், 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' எழுதிய பார்க் ஜி-யுன், இவர்களும் பெண்கள்தான். கொரியத் தொடர்கள் பெரும்பாலும் 16 எபிசோட்தான்; எப்போது முடியும் என்று தொடங்கும்போதே தெரிந்த கதை. நம் தொலைக்காட்சித் தொடர் 'கோலங்கள்' 2003இல் தொடங்கி 2009 வரை ஓடியது. அதன் நாயகி அபியை நான் நேசித்தேன். ஆனால் தினமும் அரை மணி நேரம் நிரப்பியாக வேண்டிய கதையில், எந்தப் பெண்ணுக்கும் புதுப் புது அடிதான் விழுமே தவிர அவள் உள்ளுக்குள் மாறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

கொரியத் தொடர்கள் எல்லாமே நல்லவை என்று நான் சொல்ல மாட்டேன். 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' நாயகன் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போகிறவன். முதலில் அவளைக் கொடுமைப்படுத்தியவனும் அவனே. 2009இல் அது காதலாகக் காட்டப்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அங்கே கதாசிரியர்கள் அதைத் தாண்டி ஜுன்-ஹோ வரை வந்திருக்கிறார்கள். இங்கே நிலை வேறு. 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். எங்கள் ரயில் பாதையில், ஆபீஸ் போகிற நேரத்தில். விரட்டி விரட்டிப் போனால் பெண் மசிவாள் என்று நம் படங்கள் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்தன என்று அப்போது ஊரே பேசியது. லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் பயணம் செய்கிறவர்களுக்கு, 'வேண்டாம்' என்றால் நின்றுவிடுகிற ஓர் ஆணைத் திரையில் பார்ப்பது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. அப்படி ஒருவனை எதிர்பார்க்கலாம் என்ற நியாயமான ஆசை அது.

என் அம்மாவிடம் நான் ஒரு நாளும் காதல் பற்றிப் பேசியதில்லை. என் மகள் பேசினாள். யங்-வூ தன் காதலை முறித்துக்கொள்ளும் பகுதி முடிந்ததும், "அவ ஏன்மா அவனுக்குப் பாரமா இருப்போம்னு நினைக்கிறா? நானும் அப்படி நினைச்சிருக்கேன்" என்றாள். டிவியை நிறுத்திவிட்டு நெடுநேரம் பேசினோம். அந்தப் பேச்சை எனக்கு வாங்கிக் கொடுத்தது அந்தத் தொடர். அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு தாய், ஆட்டிசம் உள்ள மகனை முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறாள். அவளும் 'வூ' பார்த்தாள். "எல்லாப் பிள்ளையும் வக்கீல் ஆயிடாதுக்கா" என்றாள் முதலில். அது சரிதான், கொரியாவிலும் பெற்றோர் பலர் இதையே சொன்னார்கள். பிறகு சொன்னாள்: "ஆனா அந்தப் பொண்ணு காதைப் பொத்திக்கிறப்ப யாரும் சிரிக்கல பாத்தீங்களா." நம் படங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை முறை சிரிப்புக்காக வந்துபோயிருக்கிறார்கள் என்பதை அவள் மறக்கவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எங்களுக்கு 16 எபிசோட் தாருங்கள். சிட்லபாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ வாழும், நாலு பேரைப் போல இல்லாத ஒரு பெண்ணை எழுதுங்கள். அவளுக்கு ஒரு வேலை இருக்கட்டும். அதில் அவள் கெட்டிக்காரியாக இருக்கட்டும். அவளைத் திருத்திக் கல்யாணம் செய்து வைக்காதீர்கள். சப்டைட்டில் படித்துப் படித்து வேற்று மொழிக் கதைகளைத் தேடிப் போன இந்தப் பெண்கள் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். நல்ல கதை எது என்று அவர்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.