புகைபோக்கிக்கு ஒரு தொப்பி

கேள்வி: அமெரிக்காவில் என் மகன் வீட்டுப் புகைபோக்கிக்கு மூடி போடப்போகிறானாம். மூடிவிட்டால் புகை எப்படிப் போகும்?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, அது குக்கர் மூடி அல்ல. மேலே சின்னக் கூரை, சுற்றிலும் கம்பிவலை. புகை பக்கவாட்டில் நழுவிவிடும். மழைதான் உள்ளே வராது. உள்ளே படிந்த கரியில் தண்ணீர் சேர்ந்தால் அமிலமாகிச் செங்கல் இடுக்குச் சாந்தை அரிக்கும். தீப்பொறி பறந்து கூரையில் விழாமல் வலை பார்த்துக்கொள்ளும். அதில் கரி அடைத்தால் புகை மருமகள் முகத்துக்கே திரும்பும், ஆண்டுக்கு ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள் (மகனை!).

அப்புறம், வாடகை தராத குடித்தனக்காரர்கள். ரக்கூன் என்கிற விலங்கு பிரசவத்துக்கே வந்துவிடும். மூடி போட்டால் அதற்கு இடமில்லை. ஆனால் கோடையில் உள்ளேயிருந்து கீச்சுச் சத்தம் வந்தால் மூடி போடக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அது உழவாரன் குருவியாக இருக்கலாம். கிளையில் உட்காரத் தெரியாத பறவை. செங்குத்துச் சுவரில்தான் தொற்றிக்கொள்ளும். முட்டையோ குஞ்சோ உள்ள அதன் கூட்டைக் கலைப்பது 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி குற்றம். இலையுதிர்காலத்தில் அதுவே தென் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிடும். நோட்டீஸ் இல்லாமல், முன்பணம் திருப்பிக் கேட்காமல் காலி செய்கிற குடித்தனம் வேறு எங்கே கிடைக்கும்?