வாழ்க ஆட்டோ!

கணினியில் யூடியூப் வீடியோ ஓடும்போது கீழே ஒரு பல்சக்கரம் தெரியும். அதைத் தொட்டால் வரும் தரப் பட்டியலில் வீற்றிருப்பவர் ஆட்டோ. மூணாறு டவுனில் ஓடும் ஆட்டோவில் ஏறினால், எங்கே போகணும் என்று கேட்பார்கள். இவர் கேட்கமாட்டார். கேளாமலே அறியும் ஞானி.

2020 ஜூன் 1-ல் கேரளத்தில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பள்ளிப்பாட ஒளிபரப்பு தொடங்கி, தமிழ்வழிப் பாடங்களும் யூடியூபில் வந்தபோது, தேவிகுளம், பீருமேட்டுத் தோட்ட லயங்களிலும் பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வீடுகளிலும் இவர் அருள் பெருகியது. ரேஞ்சு ஒரு கோடு குறைந்தால் போதும், 144-க்கு இறங்கிவிடுவார். 256-க்கு 144, ஆசிரியர், பலகை, பாடம் எல்லாம் சேர்ந்து 36,864 புள்ளிகளுக்குள் அடக்கம். என்ன சிக்கனம்! மெய்யெழுத்தின் தலைப்புள்ளியைக்கூட வீணாக்குவதில்லை. ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் எழுதிய முன்னோர் மரபை மலைப்பிள்ளைகளுக்கு மீட்டுத் தந்த தொண்டுக்குப் பட்டமே கொடுக்கலாம். கணக்குப் பாடத்தில் தசமப் புள்ளியும் அப்படியே மறையும், 3.5 என்பது 35 ஆகிவிடும். பத்து மடங்காகத் தருகிற வள்ளல் வேறு எங்கே கிடைப்பார்?

மேகம் விலகி ரேஞ்சு ஏறட்டும், திரையும் முழுதாக விரிந்திருக்கட்டும். ஒரே தாவல், 1080. இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள். ஆசிரியரின் சட்டைப் பொத்தானை எண்ணலாம். எண்ணி முடிப்பதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துபோகும். அதனால் என்ன, பிள்ளைகளின் கண்ணுக்கு ஓய்வு. பழைய கணினியென்றால் கூடுதல் சலுகை உண்டு: அதற்குப் பழக்கமில்லாத புது முறையில் சுருக்கிய படம் வந்து சேர, பிராசசர் திணறிச் சூடேறும். மூணாற்றுக் குளிருக்கு எத்தனை இதம்!

ராஜமலைப் பிள்ளைகள் ரேஞ்சு தேடி மலைப்பாதையில் நடந்த செய்தி அந்நாளில் பத்திரிகைகளில் வந்தது. ஆட்டோவும் தன் கடமையில் தவறவில்லை. இணைய வேகத்தைப் பார்த்தார், திரையின் அளவைப் பார்த்தார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது, அதை ஒரு பிள்ளை படிக்க வேண்டுமா என்பதை மட்டும் பார்க்கவில்லை. அத்தனை பெரியவருக்கு அவ்வளவு சின்ன விஷயம் கண்ணில் படுமா?

அவர் மனம் புண்படுமே என்று அஞ்சாமல் பல்சக்கரத்தைத் தொட்டு, 360-லோ 480-லோ நீங்களே நிறுத்துங்கள். நடுவில் படம் சுற்றி நின்றால் சற்றுப் பொறுங்கள். பலகையில் எழுதியதைப் படிக்கலாம்.