ஓரி விட்ட ஒற்றை அம்பு

சிப் வடிவமைப்பு என்றதும் எல்லாரும் கலிஃபோர்னியா பக்கம் கையைக் காட்டுவார்கள். கொஞ்சம் நாமக்கல் பக்கம் திரும்புங்கள்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே ஓர் அம்பு விட்டான். அது யானையைச் சாய்த்து, புலியை முடித்து, மானை உருட்டி, பன்றியைத் தள்ளி, புற்றில் கிடந்த உடும்பில் போய்ச் செருகி நின்றது. புறநானூற்றில் புலவர் வன்பரணர் சொல்கிறார். ஓரி போட்ட மான்கறி சாப்பிட்டவர் எழுதிய பென்ச்மார்க் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்; சிப் கம்பெனிகள் விடும் பென்ச்மார்க்கும் அப்படித்தானே. எப்படியோ, ஒரு இழுப்புக்கு ஐந்து உருப்படி. இதையே இன்றைய இன்ஜினியர்கள் 'ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை' என்று ஸ்லைடு போட்டு விளக்குகிறார்கள்.

அதே மலையில் கொல்லிப்பாவை என்று ஒருத்தி. சிரித்தே ஆளை இழுப்பாள். கிட்டே போனால் கதை முடிந்தது. சிப் கம்பெனியான இன்டெலிடம் அவள் கிகாஹெர்ட்ஸ் வேகம் என்ற வேஷத்தில் வந்தாள். டிரான்சிஸ்டர் சிறுத்தால் அது இழுக்கும் மின்சாரமும் அதற்கேற்பக் குறையும் என்று 1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஏறத்தாழ 30 வருஷம் அந்தக் கணக்கு ஓடியது. பிறகு டிரான்சிஸ்டர் மெலிந்து மெலிந்து, அணைத்து வைத்தாலும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது. 2004இல் வந்த 'பிரெஸ்காட்' பென்டியம் 4, 100 வாட்டைத் தாண்டிக் கொதித்தது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்துக்கே முழுக்கு. தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் மேடையில் மண்டிபோட்டு மன்னிப்புக் கேட்டார். ஓரியைக் கொன்ற காரிகூட அவனை இந்தப் பாடு படுத்தவில்லை.

2018இல் சென்னை ஐஐடி வடிவமைத்த 'சக்தி' சிப்பை அதே இன்டெலின் ஆரிகன் ஆலைதான் தயாரித்துக் கொடுத்தது. வேகம் 350 மெகாஹெர்ட்ஸ். பாவையின் சிரிப்பு நம்மவர்களிடம் எடுபடவில்லை.

ஓரியின் நிஜமான கெட்டிக்காரத்தனம் அம்பில் இல்லை, பந்தியில் இருந்தது. அடித்ததை அரண்மனைக்குச் சுமக்கவில்லை. பசியோடு வந்த பாணர் கூட்டத்துக்குக் காட்டிலேயே கறியும் கள்ளும் பரிமாறி, பொன்னும் கொடுத்து அனுப்பினான். சிப்பிலும் சுமைதான் பிரச்சினை. இரண்டு எண்களைக் கூட்டுவதற்கு ஆகும் மின்சாரச் செலவு சொற்பம். அந்த எண்களை வெளியே இருக்கும் மெமரியிலிருந்து சுமந்து வருவதற்கு அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். அதனால்தான் மெமரி இருக்கும் இடத்திலேயே கணக்கை முடிக்க இப்போது உலகமே மண்டையை உடைத்துக்கொள்கிறது.

அதுவரை ஏஐக்கு உழைக்கும் என்விடியா எச்100 ஒவ்வொன்றும் 700 வாட் வரை குடித்துக்கொண்டிருக்கும். நம் வீட்டு மிக்ஸியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இழுக்கிறது. ஆனால் சட்னி அரைந்ததும் நின்றுவிடும்.