கைப்பேசியிடமிருந்து மூளையைக் காப்பது எப்படி?

முதல் வேலை, கோபுரத்தை விரட்டுவது. ஜாசின் பக்கமோ மஸ்ஜித் தானா பக்கமோ தொலைத்தொடர்புக் கோபுரம் எழுப்ப ஆள் வந்து அளவெடுத்தால், உடனே வீடு வீடாகக் கையெழுத்து வாங்குங்கள். கோபுரம் தள்ளிப் போனதும் உங்கள் கைப்பேசி அதை எட்டிப்பிடிக்கத் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். செம்பனைக்குள்ளே லைன் கிடைக்காத இடத்தில் நின்று ‘ஹலோ, ஹலோ’ என்று கத்துகிறீர்களே, அப்போது காதோரம் கைப்பேசியும் தன் பங்குக்குக் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டுக்குள் கதிர்வீச்சைப் பெருக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அடுத்தது ஸ்டிக்கர். நேரடி விற்பனைக்காரர் லயத்துக்கே வருவார். கைப்பேசியின் முதுகில் ஒட்டினால் கதிர் அண்டாது என்பார். கேட்ட வெள்ளியைக் கொடுத்துவிடுங்கள். ஸ்டிக்கர் பொய் என்றால் பணம் மட்டும் போகும். மெய்யாகவே அலையைத் தடுத்தால், கைப்பேசி இன்னும் பலமாக ஒலிபரப்பும். 2011 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே இந்த அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கலாம்’ என்னும் 2பி பட்டியலில் சேர்த்துவிட்டது என்று அவர் சொல்வார். அது உண்மைதான். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில் இருக்கிறது. அவர் பையிலுள்ள இன்னொரு பாட்டிலில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

செய்தி பரப்பும்போது பாதியோடு நிறுத்துவது உத்தமம். 50 நிமிடம் காதில் கைப்பேசி இருந்தால், அதன் ஆன்டெனாவுக்கு அருகிலுள்ள மூளைப்பகுதி சுமார் 7 விழுக்காடு கூடுதலாகச் சர்க்கரை எரிக்கிறது என்று 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தார்கள். இதை அனுப்புங்கள். அதனால் உயிரணு சேதமானது என்று அவர்கள் சொல்லவில்லை என்பதை விட்டுவிடுங்கள். எக்ஸ்ரேபோல மரபணுவை உடைக்கும் பலம் இந்த அலைக்கு இல்லை என்பதையும், 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் கேட்டு நடந்த பெரிய மறுஆய்வு மூளைப் புற்றுநோய்க்கும் கைப்பேசிக்கும் தொடர்பு காணவில்லை என்பதையும் தப்பித்தவறியும் அனுப்பாதீர்கள். வாட்சாப் குழுவில் மரியாதை போய்விடும்.

இவ்வளவு கவலையையும் கைப்பேசிக்கே ஒதுக்குங்கள். களைக்கொல்லிக்கு மிச்சம் வைக்காதீர்கள். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக மருந்தடித்தவர்கள் நம் அம்மாக்களும் அத்தைகளும்தான். அந்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். மலேசிய அரசு அதை 2002இல் தடுத்தது, 2006இல் திரும்ப விட்டது, 2020 ஜனவரி 1ஆம் நாள்தான் முழுதாக மூடியது. மூளையின் உயிரணுக்கள் செத்து வரும் நடுக்குவாதத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று பல ஆய்வுகள் சந்தேகிக்கின்றன. அந்த நாளில் தொட்டிக்கு ஒட்ட ஸ்டிக்கர் கொண்டுவந்தவர் யாருமில்லை.

மோட்டார் சைக்கிளில் மெர்லிமாவ் போகிறீர்களா? கைப்பேசியை ஹெல்மெட்டுக்குள் காதோடு செருகிப் பேசிக்கொண்டே போங்கள். வாரை மாட்ட வேண்டாம், கழுத்து வியர்க்கும். லாரிக்கு அலைவரிசை இல்லையே, பயப்பட என்ன இருக்கிறது?

இத்தனைக்குப் பிறகும் மனசு கேட்கவில்லையா? ஸ்பீக்கரில் போட்டு ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். தூரம் கூடக்கூட வீச்சு மளமளவென்று குறையும், காசும் செலவில்லை. ஒரே தொல்லை, உங்கள் மருமகளைப் பற்றிச் சம்பந்தியம்மா சொல்வதை லயம் முழுக்கக் கேட்கும்.