சும்மா உருளாத சைக்கிள்

வடசென்னையில் ஒரு வண்டி பிறந்த உருவத்திலேயே கடைசிவரை இருப்பது அபூர்வம். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர சைக்கிளில் காயலாங்கடை மோட்டார் சைக்கிள் என்ஜினைப் பூட்டினால் அது மீன்பாடி வண்டி. துருப்பிடித்த கன்டெய்னரில் ஜன்னல் வெட்டினால் அது செக்யூரிட்டி ரூம். அவ்வளவு ஏன், திருவொற்றியூரில் புல்லட் செய்ய 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் இங்கிலாந்து மூதாதையே முதலில் சைக்கிள் கம்பெனிதான். என்ஜின் ஏறியது அப்புறம். அதனால் மாத்தூரில் நான் என் பழைய ரேஸ் சைக்கிளை மாற்றப்போகிறேன் என்று சொன்னபோது யாரும் அதிரவில்லை. "இன்னா சேக்கப் போற?" என்றுதான் கேட்டார்கள். சேர்க்கவில்லை, இருப்பதை எடுக்கப்போகிறேன் என்றதும்தான் கவலைப்பட ஆரம்பித்தார்கள்.

எடுக்கப்போனது ஃப்ரீவீலின் உயிரை. மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் 'கிர்ர்ர்' என்று தானாகப் போகிறதே, அதற்குக் காரணம் ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு நாக்குகள். முன்னால் மிதித்தால் பல்லில் மாட்டி இழுக்கும். நிறுத்தினால் வழுக்கி வழிவிடும். அவற்றின் வேலையை முடித்துவிட்டால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடல் சுற்றும்வரை காலும் சுற்றும். உலகம் இதை ஃபிக்ஸட் கியர் என்கிறது. நியூயார்க்கில் தபால் பை மாட்டிய இளைஞர்கள் இதில் பறக்கிறார்கள். ஜப்பானில் 1948 முதல் நடக்கும் கெய்ரின் பந்தயத்தில் பிரேக்கே இல்லாமல் இதை ஓட்டுகிறார்கள், மற்றவர்கள் பணம் கட்டுகிறார்கள்.

எங்கள் தெரு மெக்கானிக் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சார், ஃப்ரீவீலு ஜாம் ஆய்ட்ச்சின்னு தெனம் நாலு பேரு வர்றான். மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவி உட்றேன். நல்லா கீற ஒண்ண ஜாம் பண்ணக் காசு தர்ற மொத ஆளு நீதான்."

"அண்ணே, டூர் டி ஃபிரான்ஸை ஆரம்பித்தவரே கியர் மாற்றியை 1937 வரைக்கும் உள்ளே விடவில்லை. கியரெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்பது அவர் கட்சி."

"உனுக்கு இன்னா வயசு?"

பேச்சு அத்தோடு வேலைக்குத் திரும்பியது.

பின்னால் இருந்த ஐந்து பல்சக்கர அடுக்கைக் கழற்றி, அதே மரையில் சாதா சைக்கிளின் 18 பல் ஃப்ரீவீலை ஏற்றினார். செயின் கோணலாக ஓடாமலிருக்க ஆக்ஸிலில் வாஷர்களை இடம் மாற்றி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தார். கியர் மாற்றி போனபின் செயினின் தொய்வை இழுத்துப் பிடிக்க வேறு ஆளில்லை. சக்கரத்தையே பின்னுக்குத் தள்ளித்தான் இறுக்க வேண்டும். அதற்கு ஆக்ஸில் உட்காரும் கவட்டை நீளவாக்கில் இருக்க வேண்டும். பழைய ஃபிரேமில் அது இருந்தது.

மிச்சம் வெல்டிங். நாற்பதடி டிரெய்லர்களின் சேஸிஸைப் பார்த்துப் பழகிய லேத் பட்டறைக்காரர் என் ஃப்ரீவீலை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் தேடுவதுபோல் பார்த்தார். முதல் பொட்டில் நாக்குகளின் கதை முடிந்தது. ஆனால் மரை முன்பக்கம் மிதித்தால் இறுகும், காலால் பின்னுக்கு அழுத்தினால் கழலும். பந்தய சைக்கிளில் இதற்கென்றே இடது மரையில் ஒரு பூட்டு வளையம் உண்டு. எங்களிடம் அது இல்லாததால் ஹப்போடு சேர்த்து இன்னொரு பொட்டு. "இனிமே அந்தப் பக்கம் ஸ்போக்ஸ் கம்பி ஒட்ஞ்சா மாத்த முடியாது சார்" என்று ஆசீர்வதித்து அனுப்பினார்கள். முன் பிரேக்கை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மணலி சாலையில் டிரெய்லருக்குப் பின்னால் போகிறவனுக்கு ஜப்பானியத் தத்துவம் உதவாது.

முன்னால் 42 பல், பின்னால் 18. ஒரு மிதிக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 18 கிலோமீட்டர். காகிதத்தில் அழகான கணக்கு. தெருவில் இறங்கியதும்தான், சைக்கிள் ஓட்டுவதென்று நாம் சொல்வதில் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருப்பது என்று தெரிந்தது. வேகத்தடை வந்தால் பெடலைச் சமமாக நிறுத்தி எழுந்து கொள்வோம். இதில் எழுந்தாலும் கால்கள் இயங்கிக்கொண்டிருக்கும். மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் காலைத் தூக்குவோம். இதில் இரண்டு கால்களும் முறைவைத்து முங்கி எழும். நாய் துரத்தினால் கால்களை ஹேண்டில்பாருக்கு ஏற்றிவிட்டு வண்டியை உருள விடுவது நம் ஊர் தற்காப்புக் கலை. ஃபிக்ஸட் கியரில் கெண்டைக்கால் சுற்றுக்கு ஒருமுறை தவறாமல் நாயின் வாய்க்கு நேரே இறங்கி வரும். எங்கள் தெரு நாய் இரண்டே நாளில் துரத்துவதை விட்டுவிட்டது. அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில் அதற்கு ருசியில்லை போலும்.

நல்லதும் உண்டு. பின்னால் மிதித்தால் சைக்கிள் பின்னால் போகும். "ரிவர்ஸ் அங்கிள்" என்று எம்.எம்.டி.ஏ. காலனிப் பிள்ளைகளிடம் எனக்குப் பெயர். அவர்களுக்கு இது புதிதல்ல. முன் சக்கரத்திலேயே பெடல் வைத்த குட்டி சைக்கிளும் ஃபிக்ஸட் கியர்தானே. வளர்ந்தபிறகுதான் நாமெல்லாம் சும்மா உருளக் கற்றுக்கொள்கிறோம்.

உண்மையான லாபம் வேறு. என் மச்சானுக்கு சைக்கிள் என்றால் அது என் சைக்கிள். கேட்காமல் எடுப்பான், காற்றில்லாமல் திருப்பித் தருவான். போன வாரமும் எடுத்தான். தெருமுனைவரை கம்பீரமாகப் போனவன் வழக்கம்போல மிதிப்பதை நிறுத்தியிருக்கிறான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது முழங்காலில் மண்.

"மாமா, நான் பெடல மிதிக்கலே, பெடலு என்ன மிதிக்குது!"

அன்றிலிருந்து சைக்கிள் பக்கமே வருவதில்லை. என் ஸ்கூட்டர் சாவியைத்தான் எடுத்துக்கொண்டு போகிறான். பெட்ரோல் டேங்க் மூடிக்கும் ஒரு பொட்டு வைக்க முடியுமா என்று லேத் பட்டறையில் விசாரித்திருக்கிறேன்.