மணிக்கு என்ன நட்சத்திரம்?

அம்புலிமாமாவில் வந்த எந்த நரிக்கும் பிறந்தநாள் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. சிங்கம் முயலைத் தின்னப் பார்க்கும்; முதலைக்குக் குரங்கின் இருதயம் வேண்டும். மிருகங்களின் ஆசையெல்லாம் வயிற்றோடு சரி. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் ஆரம்பித்த பத்திரிகை அம்புலிமாமா. பின்னாளில் எங்கள் வடபழனி ஆற்காடு சாலையிலிருந்துதான் சிங்களம் வரைக்கும் பல மொழிகளில் போனது. வேதாளத்தைத் தோளில் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் 2020 வரை இருந்தார். அவரிடம் போய், "சார், நாய் கேக் வெட்டுற மாதிரி ஒரு படம்" என்று கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

என் பேத்திக்கு வரும். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ரஃப் நோட்டுத் தாளைக் கிழித்து, அவளே எழுதி, வரைந்து, ஸ்டேப்ளர் அடித்துப் போட்ட புத்தகம் 'மணியின் பிறந்தநாள் ஆசை'. மணி என்கிற நாய் பாதி நாள் எங்கள் கேட்டுக்கு உள்ளே, மீதி நாள் தெருவில். படத்தில் நாலு காலும் வாலும் ஒரே நீளம். எலும்பு வேண்டாம் என்கிறது, பிஸ்கட் வேண்டாம் என்கிறது. கடைசிப் பக்கத்தில்தான் வாயைத் திறக்கிறது: "நான் ஆட்டோல போகணும்."

நியாயம்தானே? ஆட்டோ துரத்துவதுதான் அதற்கு முழுநேர உத்தியோகம். பிடித்துவிட்டால் அடுத்து என்ன என்று அது யோசித்த மாதிரி தெரியவில்லை. கடைகளில் நான் புரட்டிய படப் புத்தகங்களில் பிராணிகள் கேட்பதெல்லாம், அம்மாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைக்கும் புத்திமதியாகவே இருக்கும். நாய் கேட்கக்கூடிய ஒன்றை நாயே கேட்டது இந்தப் புத்தகத்தில்தான்.

என் மனைவிக்கு வேறு கவலை. "பிறந்தநாள்னா முருகன் கோயில்ல அர்ச்சனை பண்ண வேண்டாமா? மணிக்கு என்ன நட்சத்திரம்?" தெரியாவிட்டால் சுவாமி பேருக்கே செய்யலாம் என்று தீர்ப்பும் அவளே சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஆனால் சந்நிதியில் "மணி" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அர்ச்சகர் கோத்திரம் கேட்டாராம். 'பைரவர்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டதாம்.

அடுத்தது ஆட்டோ. டிரைவர் மணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடிக்குமா?"

"ஆட்டோவை மட்டும்தான்" என்றாள் பேத்தி.

நாய்க்குத் தனியாக நாற்பது ரூபாய் என்று பேசி முடித்தோம். மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த ஆற்காடு சாலையில் ஆட்டோ நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். மணி சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கவுன்சிலர் கணக்காக இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தது. பவர் ஹவுஸ் ஸ்டாப் தாண்டவில்லை, பக்கத்துத் தெரு நாய்கள் குரைத்துக்கொண்டே ஓடிவந்தன. மணி ஒரு கணம் எங்களைப் பார்த்தது, அவற்றைப் பார்த்தது. சட்டென்று குதித்து அந்தக் கூட்டத்தில் சேர்ந்து எங்கள் ஆட்டோவையே துரத்த ஆரம்பித்துவிட்டது.

நடுவில் இறங்கினாலும் நாற்பது ரூபாய் நாற்பது ரூபாய்தான் என்றார் டிரைவர்.