ஏ/எல் எப்ப வருவார்?

ஆயர் தாவாரில் ஒருவர் துணையில்லாமல் வெளியூர் கிளம்பினால், ஒன்று வீட்டில் சண்டை, இல்லை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் செக்கப் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாகப்பட்டினத்துக்குச் சும்மாதான் போகிறேன் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்பாதவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோடாலித் தைலம், மைலோ, மறுபடியும் கோடாலித் தைலம். "திருவாரூர்ல என் நாத்தனார் மககிட்ட குடுத்துடுங்க, போற வழிதானே" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. தமிழ்நாட்டில் எந்த ஊரும் இவர்களுக்குப் போகிற வழிதான்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. தாத்தா கப்பலேறிய கரையில் கொஞ்ச நேரம் யாரும் இல்லாமல் உட்கார்ந்து வர வேண்டும். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்ப அந்தக் காலத்தில் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் டிப்போ வைத்திருந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் அந்த வழியை அடைக்கும் வரை கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நாகையில் கப்பல் கரைக்கு வராது. படகில் கொண்டுபோய்க் கடலுக்குள் நிற்கும் கப்பலில் ஏற்றுவார்கள். 1926இல் கட்டிய 'ரஜூலா'வின் மேல்தட்டில் எத்தனையோ ஆயிரம் பேர் இடித்துக்கொண்டு படுத்து வந்திருக்கிறார்கள். எந்தக் கப்பல் என்று கேட்டால் தாத்தா "பெரிய கப்பல்" என்பார். அவ்வளவு நெரிசலில் வந்தவரின் பேரன் கொஞ்சம் காலை நீட்டி உட்காரட்டுமே என்று நினைத்தேன்.

திருச்சியில் இறங்கிப் பஸ் பிடித்தேன். சுமார் 140 கிலோமீட்டர். தஞ்சாவூர் தாண்டுவதற்குள் என் வயது, சம்பளம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் பின் சீட்டு வரைக்கும் போய்விட்டது. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு மாப்பிள்ளையை எனக்குத் தெரியாதது பக்கத்து சீட்டுக்காரருக்குப் பெரிய வருத்தம். "சிங்கப்பூர் வேற, மலேசியா வேற" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சமாதானப்படுத்தினார்.

நாகையில் ஒரு லாட்ஜ். கவுண்டரில் இருந்த தம்பி என் முகத்தைப் பார்த்தான், தமிழைக் கேட்டான், ஆதார் கார்டு கேட்டான். பாஸ்போர்ட்டை நீட்டியதும் எழுந்து நின்றுவிட்டான். வெளிநாட்டுக்காரர் தங்கினால் லாட்ஜ்காரர்கள் அதற்கென்று ஒரு ஃபார்ம் நிரப்பி அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டிக்கொண்டே வந்தவன், எங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் அரசாங்கம் போட்டுவைத்திருக்கும் ஏ/எல்லில் வந்து முட்டி நின்றான்.

"இந்த ஏ எல் யாரு சார்?"

"யாருமில்லை தம்பி. அனாக் லெலாக்கி. இன்னாருக்கு மகன்னு மலாய்ல போட்டிருக்கு."

"அப்ப இதுல ரெண்டு பேர் பேரு இருக்கே. சிங்கிள் ரூம் கேக்குறீங்க. இன்னொருத்தர் எப்ப வருவார்?"

"அவர் காலமாகிப் பல வருஷம் ஆச்சு."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "தனியா வந்தா முதலாளி யோசிப்பார் சார். மனசு கஷ்டம் ஏதும் இல்லையே?" என்றான். இல்லை என்று நிரூபிக்க ஒரு கோடாலித் தைலம் செலவாயிற்று. அன்றிரவு மட்டும் கதவைத் தட்டித் தட்டித் தண்ணி வேணுமா, டீ வேணுமா, கொசுவர்த்தி வேணுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்ப்பதற்கு அவனிடம் வேறு சாக்கு இல்லை.

மறுநாள் கடற்கரை. கலங்கரை விளக்கம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள் இங்கே வருவது புதிதில்லை. கடாரத்து மன்னன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் ராஜராஜ சோழன் காலத்திலேயே நாகையில் சூடாமணி விகாரம் எழுப்பினான். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தான். அவன் மகன் ராஜேந்திரன் 1025இல் கடாரத்தின் மேலேயே படையெடுத்தான். சொந்தக்காரர்களுக்குள் இதெல்லாம் சகஜம். விகாரத்துக் கோபுரம் 1867 வரை நின்றதாம், பிறகு இடித்துவிட்டார்கள். கடாரத்து ராஜாவுக்கு ஒரு கிராமம் கிடைத்தது. பேராக்கிலிருந்து போன எனக்கு அரை மணி நேரம் கிடைக்கவில்லை. சுண்டல்காரர் வந்து உட்கார்ந்தார். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் வந்து உட்கார்ந்தார். "தனியாவா?" என்று கேட்டுவிட்டு, இருவருமாகச் சேர்ந்து அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார்கள்.

தப்பித்து நாகூருக்குப் போனேன். தர்கா வாசலில் ஒரு முதியவர் என் சட்டைப்பையில் எட்டிப் பார்த்த சிவப்பு பாஸ்போர்ட்டைக் கவனித்துவிட்டார்.

"டாரி மானா?"

நாகூரில் மலாய்! "பேராக், பாய். ஆயர் தாவார்."

"ஓ, சித்தியவான் பக்கமா! சூடா மாக்கான்?"

இன்னும் சாப்பிடவில்லை என்று ஒப்புக்கொண்டதும் கையைப் பிடித்துவிட்டார். பினாங்கு சூலியா ஸ்ட்ரீட்டில் பல காலம் நாசி கண்டார் வியாபாரம் செய்தவராம். அங்கேயும் ஒரு நாகூர் தர்கா இருக்கிறதே, அதன் பக்கத்தில்தான் கடை. வீட்டுக்குக் கூட்டிப்போய், நான் போதும் போதும் என்று சொல்வது காதில் விழாத தூரத்தில் நின்று பரிமாறினார். புறப்படும்போது வாடாவும் அல்வாவும் கட்டிய ஒரு பெட்டி வந்தது. பினாங்கில் இருக்கும் மகளுக்கு. "உங்களுக்குப் போற வழிதானே தம்பி."

ஆயர் தாவாருக்குப் பினாங்கு எந்தக் காலத்திலும் வழியில்லை. வந்த களைப்பு தீருவதற்குள் காடியை எடுத்துக்கொண்டு வடக்கே போய், பாலம் தாண்டி, வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் பெட்டியைக் கொடுத்தேன். அந்தம்மா கயிற்றை அவிழ்த்துப் பார்த்தார்.

"போன தடவை வந்தவர் ரெண்டு பெட்டி கொண்டாந்தாரே?"